உள்ளே சாப்பிடுகிறவன்

உ
மாரியம்மன் துணை
எருத்தேன்பதி
25-5-1974

என் சின்னண்ணன் ஆறுச்சாமிக்குத் தங்கை வள்ளியாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் சுகம். ஆத்தாளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீங்கள் சுகமா என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் கேட்கலாமா என்று தெரியவில்லை. ஏனென்றால் போன திங்கட்கிழமை நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள்.

பதறாதீர்கள், சொல்கிறேன். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்கிவிட்டேன், இனி என் பெயர் மத்தியாஸ் என்று பெரியண்ணனுக்குக் கைப்பட எழுதிப் போட்டீர்களே, என்ன கிறுக்குப் பிடித்து அப்படி எழுதினீர்கள்? மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா? பெரியண்ணன் அதைப் பங்காளிகளைக் கூட்டி வைத்துச் சத்தமாக வாசித்தார். “ஒண்ணு அவனைச் செத்தவனாத் தலைமுழுகு. இல்லாட்டி உன்ர ஊட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டோம்” என்று எழுந்துவிட்டார்கள். அவருக்கும் வயசுக்கு வந்த பெண் இருக்கிறது, என்ன செய்வார்?

வைக்கோலில் ஆள் மாதிரி கட்டினார்கள். பெட்டியில் விட்டுப் போனீர்களே, பாக்கெட் கிழிந்த நீலச் சட்டை, அதைப் போட்டுவிட்டார்கள். கடலைக்காட்டு ஓரத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். பெரியண்ணன் மொட்டை அடித்துக்கொண்டார். வெயில் பட்டுத் தலையெல்லாம் கொப்புளம். நன்றாக வேண்டும்.

ஆத்தா அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “செய்யறதை எல்லாமும் செய்வியாடா? முப்பதாம் நாள் வரைக்கும்?” செய்கிறேன் என்று பெரியண்ணன் தலையாட்டினார்.

சாவுக் கடிதத்துக்கு மூலையில் கறுப்பு மை தடவுவார்கள். செத்தவருக்கே எழுதும் கடிதத்துக்கு என்ன தடவுவது? சும்மாவே அனுப்புகிறேன். பதிலைக் கொழிஞ்சாம்பாறையில் மச்சானின் தையல்கடை விலாசத்துக்குப் போடுங்கள். நம் வீட்டு விலாசத்துக்குப் போட்டுவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.

உங்கள் தங்கை,
வள்ளியாத்தாள்

†
சக்குபள்ளம்
6-6-1974

அன்புள்ள அம்மிணிக்கு, செத்துப்போன உன் சின்னண்ணன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். உங்கள் எல்லோர் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு ஏலத்தோட்டத்துக்குள் போய் யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அட்டை கடித்து ரத்தம் வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஏன் எழுதினீர்கள் என்று கேட்கிறாய். மறைக்கிற விஷயமா அது? இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இந்த மலைக்கு வேலை தேடி வந்தேன். முதல் மழைக்காலத்திலேயே காய்ச்சலில் விழுந்தேன். தோட்டக் கூலிகளின் லயத்தில் இருந்தவர்கள் பக்கத்தில் வரப் பயந்தார்கள். உபதேசியார் சூசையப்பன் மாமாதான் பதினெட்டு நாள் என் மலத்தையும் வாந்தியையும் அள்ளிப் போட்டார். உடம்பு தேறின பிறகு ஒருநாள், எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிலுவையைக் காட்டினார். அவ்வளவுதான். அப்புறம் நான் அந்தப் பக்கம்தான் நிற்க முடியும் அம்மிணி. ஆத்தாளிடமும் அண்ணனிடமும் அதைச் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமாவின் மகள் செபமாலையம்மாளைக் கல்யாணம் செய்திருக்கிறேன். சூதுவாது தெரியாதவள். கொங்கு நாட்டுப் பேச்சு என்று என்னைக் கேலி செய்வதுதான் அவளுக்கு வேலை. அவளைக் கூட்டிவந்து ஒரே ஒரு தடவை ஆத்தா காலில் விழ வேண்டும். ஆத்தா என் தலையில் கை வைக்க வேண்டும். நிலம் வேண்டாம், பங்கு வேண்டாம், பெரியண்ணன் பேச வேண்டாம். அது ஒன்று போதும். அதற்கு ஏதாவது வழி பண்ணு.

என் செவலைக் காளை எப்படி இருக்கிறது? புதுக் கை பட்டால் முட்டுமே.

அன்பு அண்ணன்,
ஆறுச்சாமி என்கிற மத்தியாஸ்

உ
மாரியம்மன் துணை
எருத்தேன்பதி
24-6-1974

சின்னண்ணாவுக்கு வள்ளியாத்தாள் எழுதுவது. எல்லோரும் சுகம். ஆத்தாளுக்குச் சுகம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முப்பதாம் நாளும் நடந்துவிட்டது. நம் பங்காளிகளுக்குள் செத்தவரைக் கிணற்றடியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவருகிற வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அப்பனைக் கூட்டிவந்தபோது நீங்கள்தானே குடம் எடுத்தீர்கள். பெரியண்ணன் இதை விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தார். ஊருக்குக் காட்ட எரித்தது போதும் என்று அவருக்கு. ஆத்தா விடவில்லை. “எல்லாமும் செய்யறேன்னு சொன்னீல்லோ?” என்று ஒரே பிடி.

போன வியாழக்கிழமை அமாவாசை. விளக்கு வைக்கும் நேரம். ஆத்தா மண்குடத்தோடு கிணற்றுப் படியில் இறங்கினாள். தண்ணீர் மொண்டு, வேப்பிலை போட்டு, கிணற்றைப் பார்த்து மூன்று தடவை கூப்பிட்டாள்: “ஆறுச்சாமீ, ஊட்டுக்கு வா சாமி.” முதல் இரண்டு தடவை எதிரொலி வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. பெரியண்ணனும் அதைக் கவனித்தார்.

திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். ஆத்தா வந்தாள். பாதி வழியில் குடம் கனத்து இடுப்பு ஒடிந்தது. நான் வாங்கப் போனேன். “அக்கட்டாலே போடி. நானு சுமந்து பெத்தவன், எனக்குத் தெரியும்” என்றாள். உள் அறையில் குடத்தை வைத்து விளக்கேற்றினாள். அன்றைக்குத்தான் அண்ணா, நீங்கள் மலைக்குப் போன பிறகு முதல் தடவையாக ஆத்தா சிரித்துப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குக் குடத்துக்கு முன்னால் தட்டுப் போடுகிறாள். சோறும் கொள்ளுப்பருப்பும். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் கழித்துத் தட்டை எடுத்து வருகிறாள். காலியாக இருக்கிறது. பூனையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் சாப்பிட்டு முடித்து விரலால் தட்டை வழிப்பீர்களே, ஓரத்திலிருந்து நடுவுக்கு, அந்தக் கோடு தட்டில் இருக்கிறது.

தனியாக இருந்தபோது காதில் சொன்னேன்: “ஆத்தா, சின்னண்ணன் உசுரோட இருக்குது. கடுதாசி போட்டிருக்குது.” அவள் என்னை அசடைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். “எனக்குத் தெரியாதா? உள்ளே சாப்பிட்டுக்கிட்டிருக்கறான்.”

உடனே பதில் போடுங்கள்.

வள்ளியாத்தாள்

உ
எருத்தேன்பதி
12-8-1974

சின்னண்ணா, சுகமா? ஏழு வாரமாகிறது, ஒரு கார்டுகூட வரவில்லை. மச்சான் தினமும் தபால்காரரை மறித்துக் கேட்கிறார். ஆடிப்பெருக்கும் போய்விட்டது.

ஆத்தாளிடம் புலம்பினேன். “இங்க இருக்கறவன் எதுக்குடி கடுதாசி போடோணும்?” என்கிறாள். ஒரே ஒரு வரி எழுதுங்கள். பெயர் மட்டும் எழுதினாலும் போதும்.

வள்ளி

†
சக்குபள்ளம்
2-9-1974

அன்புள்ள அம்மிணிக்கு, அண்ணன் எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை கிழித்துப் போட்டேன்.

ஆத்தா செய்வது ஏக்கம். வேறொன்றுமில்லை. தட்டை வழிக்கிறது பூனைதான். உள் அறை ஜன்னலுக்குக் கதவு சரியாகச் சாத்தாது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பலகை அடிக்கச் சொல்.

ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ எழுதின அதே வியாழக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஆத்தா கூப்பிட்டாள். அவள் குரல் எனக்குத் தெரியாதா? பேசாமல் இருந்தேன். இரண்டாவது தடவை கேட்டது. அப்போதும் பேசவில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாதபோது மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், பேய் பிசாசு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்று சின்ன வயசில் அவள்தானே நமக்குச் சொல்லிக் கொடுத்தாள்? மூன்றாவது தடவையும் கூப்பிட்டாள். “வாரேனாத்தா” என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது செபமாலை சொல்லித்தான் தெரியும். ஓடைத் தண்ணீரில் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்றேனாம். சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து சாயங்காலச் சோறு இறங்கவில்லை அம்மிணி. விளக்கு வைக்கும் நேரமானால் வயிறு தானாக நிறைந்துவிடுகிறது. “ஒரு வாய்கூடத் திங்கல, விருந்துக்குப் போய்ட்டு வந்த மாதிரி ஏப்பம் விடுறீகளே” என்று செபமாலை திட்டுகிறாள். ஏப்பத்தில் கொள்ளு வாசனை வருகிறது. இந்த மலையில் கொள்ளு சமைப்பார் யாரும் இல்லை.

செபமாலை முழுகாமல் இருக்கிறாள். மாசியில் பிறக்கும். ஆத்தாளிடம் சொல்லாதே. நானே நேரில் வந்து சொல்ல வேண்டும்.

அன்பு அண்ணன்,
மத்தியாஸ்

உ
மாரியம்மன் துணை
எருத்தேன்பதி
20-9-1974

சின்னண்ணாவுக்கும் அண்ணிக்கும் வள்ளியாத்தாள் எழுதுவது. இங்கே சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது, எழுதிவிடுகிறேன்.

அண்ணி முழுகாமல் இருப்பதை நான் ஆத்தாளிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அவள் ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள். யாருக்கு என்று கேட்டால், “ஆறுச்சாமி பொண்டாட்டிக்கு வாய்க்கு ருசியா வேண்டாமா? அவன்தான் சொன்னான்” என்றாள். வெளியூர்ப் பெண், பெயர்கூட ஏதோ மாலை என்று வரும் என்றாள்.

பெரியண்ணன் இப்போது வீட்டில் படுப்பதில்லை. கடலைக்காட்டுச் சாளைக் குடிசைக்குப் போய்விட்டார். அவர் சம்சாரம் மருதாத்தாள் நங்கையும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். உள் அறையில் நீங்கள் தொண்டையைக் கனைக்கிற சத்தம் கேட்டதாம். செவலையும் மாறிவிட்டது. நீங்கள் போன பிறகு ஒருத்தரையும் அண்டவிடாமல் முட்டிக்கொண்டிருந்தது. இப்போது பொழுது சாய்ந்தால் கட்டுத்தறியில் கழுத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. தாடைக்கு அடியில் சொறிந்துவிட்டால் அப்படித்தானே நிற்கும்?

ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. தட்டு காலியாகத்தான் வருகிறது.

நன்றாகச் சாப்பிடுங்கள் அண்ணா. பகலிலாவது சாப்பிடுங்கள்.

வள்ளி

†
சக்குபள்ளம்
4-11-1974

அன்புள்ள அம்மிணிக்கு, சுகம் கேட்டு அண்ணன் எழுதுவது. எனக்குச் சுகம் என்று சொல்ல முடியவில்லை. வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. குமுளியில் டாக்டரைப் பார்த்தேன். நோய் ஒன்றும் இல்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார்.

முந்தாநாள் கல்லறைத் திருநாள். இங்கே எல்லோரும் அவரவர் கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றினார்கள். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? ஆனாலும் ஒரு வத்தி வாங்கினேன். பெயர் இல்லாத ஒரு மேட்டில் வைத்து, எருத்தேன்பதி ஆறுச்சாமிக்காக வேண்டிக்கொண்டேன். காற்றே இல்லை, மூன்று தடவையும் அணைந்துவிட்டது.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேயோட்டுவார் என்று பயந்தேன். “பெத்தவ கூப்பிட்டா உசுரு திரும்பிப் பாக்கத்தான் செய்யும் மாப்ள. அவுக உங்கள வெறுக்கல. அதான் இவ்வளவு கஷ்டம். நேர்ல போயி மொகத்தக் காட்டிட்டு வாங்க” என்றார்.

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆத்தா என்னைத் தொட்டுப் பார்த்து, என்ர பையன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதெல்லாம் நின்றுவிடும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருகிறேன். செபமாலைக்கு ஏழாம் மாதம், மலை இறங்க முடியாது. நான் மட்டும் வருவேன். பெரியண்ணன் அடித்தால் அடிக்கட்டும்.

மத்தியாஸ்

உ
மாரியம்மன் துணை
எருத்தேன்பதி
19-11-1974

சின்னண்ணாவுக்கு வள்ளியாத்தாள் எழுதுவது. சுகம். அண்ணியை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியண்ணன் அடிக்க மாட்டார். நேற்று தையல்கடைக்கே வந்துவிட்டார். உங்கள் கடிதங்கள் எனக்கு வருவது அவருக்கு எப்போதோ தெரியுமாம். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். “அவனை வரச்சொல்லு வள்ளி. ஊரு வாயை அடைக்கத்தான் செஞ்சேன். நெசமாலுமே அவன் சாவோணும்ன்னு நானு நெனைப்பனா?” என்றார். கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு, புத்தி கெட்டுப் போயிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பங்காளிகளை அவர் பார்த்துக்கொள்வாராம். கழுத்தில் சிலுவை மாலை போட்டிருந்தால் அதை மட்டும் கழற்றிவிட்டு வரச்சொன்னார்.

நான் ஆத்தாளிடம் போய்ச் சின்னண்ணன் வரப்போகிறது என்றேன். அவள் முகம் கறுத்துவிட்டது. எவ்வளவு ஒல்லியாகிவிட்டான் என்று கேட்டாள். நான் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவளிடம் சொன்னதில்லை அண்ணா.

வள்ளி

உ
மாரியம்மன் துணை
எருத்தேன்பதி
3-1-1975

சின்னண்ணா, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினீர்களே, அந்த நினைப்பே என்னைத் தின்கிறது.

உங்களை வாசலில் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. பெரியண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், அந்த மாலையைக் கழற்று என்று. நீங்கள் கழற்றவில்லை. “பொய் சொல்லிக்கிட்டு ஆத்தா முன்னால நிக்கமாட்டனுங்கண்ணா” என்றீர்கள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்த பிறகுதான், இது என் சின்னண்ணனேதான் என்று எனக்கு மூச்சு வந்தது.

பிறகு உள்ளே போனீர்கள். ஆத்தா அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். நீங்கள் மண்டியிட்டு, “ஆத்தா, நானு ஆறுச்சாமி வந்திருக்கறேன்” என்றீர்கள். அவள் ஏறிட்டுப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். “வாங்க. எந்த ஊருங்க?” என்றாளே பாவி! சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற மாதிரி! நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு, சக்குபள்ளமுங்க என்றீர்கள். “என்ர பையனும் அங்கதான் போயிருந்தானுங்க. வந்துட்டான். உள்ளே சாப்பிட்டுக்கிட்டிருக்கறான்” என்றாள். நீங்கள் நீட்டின கையை அவள் தொடவே இல்லை.

நீங்கள் எழுந்து கதவைக் கொஞ்சம் தள்ளினீர்கள். ஒரு மாடு கறக்கிற நேரம் அப்படியே நின்றீர்கள். பெரியண்ணனும் நானும் பின்னால் இருந்தோம், உங்கள் முதுகுதான் தெரிந்தது. ஆத்தா சொன்னாள்: “அங்க போகாதீங்க. பொழுதோட கிளம்புங்க. உங்க ஊட்டுல தேடுவாங்க.” நீங்கள் திரும்பி, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டீர்கள்.

உள்ளே என்ன பார்த்தீர்கள் அண்ணா?

வள்ளி

†
சக்குபள்ளம்
12-1-1975

அம்மிணி, வந்து சேர்ந்தேன். செபமாலை சுகம். பனி அதிகம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத முடியவில்லை. இனிமேல் ஆத்தாளிடம் என் பேச்சை எடுக்காதே. அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் பையன் அவளோடு இருக்கிறான்.

மத்தியாஸ்

எருத்தேன்பதி
27-2-1975

சின்னண்ணா, இந்தக் கடிதத்துக்கு மை தடவியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆத்தா போய்விட்டாள். நோய் நொடி ஒன்றும் இல்லை. மத்தியானமே எங்களைக் கூப்பிட்டுவிட்டாள். நன்றாகத்தான் பேசினாள். அவள் பேசினதை அப்படியே எழுதுகிறேன், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“மார்கழியில வந்தவன் ஆருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சே? வாசப்படியை மிதிக்கறப்பவே தெரியும். நாந்தானே கூப்பிட்டேன். உசுரோட இருக்கறவனை ஊட்டுக்குள்ள விடமாட்டீங்க, செத்தவனையாவது கூட்டிக்கிட்டு வரலாம்ன்னு ஆசைப்பட்டுட்டேன். பாதிதான் வந்துச்சு. அதுக்கு நானு சோறு போடப் போட இது ஊறுது, அங்க அவன் கரையறான். அவனைப் பார்த்தப்பத்தான் நானு பண்ணுன பாவம் தெரிஞ்சுது. அன்னிக்கு நானு பையன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தொட்டிருந்தா, மீதியும் இங்கயே நின்னிருக்கும். உள்ள இருக்கறது காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்துது. அதுக்குத்தான் அந்நியனாட்ட பேசி அனுப்புனேன். தொடாம இருக்கறதுக்குக் கையை முந்தானைக்குள்ள சுருட்டிக்கிட்டேன்.”

பெரியண்ணன், அவனை வரச்சொல்கிறேன் ஆத்தா, நீதான் கொள்ளி அவன் கையால் வேண்டும் என்பாயே என்றார். அவள் தலையசைத்துவிட்டாள். “வேண்டாம். மறுபடியும் ஆரும் அவனை இந்த ஊட்டுக்குக் கூப்பிடாதீங்க. இங்க அவன் செத்தவனாவே இருக்கட்டும். இருக்கற எடத்துல அவன் சாமியோட உசுரோட இருக்கட்டும். நானு கூப்பிட்டதை நானே கூட்டிக்கிட்டுப் போறேன்.”

பொழுது சாய்ந்ததும் தட்டை எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வைக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, “வா சாமி, போலாம்” என்றாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். கட்டுத்தறியில் செவலை கத்தினது ஊருக்கே கேட்டது.

சுடுகாட்டில் பெரியண்ணன் தோளில் வைத்து உடைத்தது அந்தக் குடத்தைத்தான். எட்டு மாதமாக யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கழுத்து வரைக்கும் இருந்ததாம்.

அண்ணா, வராதீர்கள். இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்று அழுகை அழுகையாக வருகிறது. வராதீர்கள்.

வள்ளியாத்தாள்

†
சக்குபள்ளம்
8-3-1975

அன்புள்ள அம்மிணிக்கு, அண்ணன் எழுதுவது. சுகமாக இருக்கிறேன். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, நிஜமாகவே சுகமாக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். ஊறுகாய் போட்டது எங்கே இருக்கிறது என்று பார்த்து மச்சானிடம் கொடுத்தனுப்பு.

சாவுக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துப்போட வேண்டும் என்பது தெரியும். நான் கிழிக்கவில்லை. ஆத்தா எனக்குச் சொல்லியனுப்பின ஒரே வார்த்தை அதில்தான் இருக்கிறது.

உள்ளே என்ன பார்த்தேன் என்று கேட்டாய். இப்போது சொல்லலாம். ஒருத்தன் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீலச் சட்டை. என் முதுகு எனக்குத் தெரியாதா? நல்ல சதைப்பற்றோடு இருந்தான். எனக்குப் பயமே வரவில்லை அம்மிணி. பொறாமைதான் வந்தது. யாரையும் விட்டுப் போகாதவன், யாரும் விரட்டாதவன், ஆத்தா கையால் தினம் சாப்பிடுகிறவன். அவன் பக்கத்தில் எனக்கும் இடம் இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று தோன்றியது. பெரியண்ணனிடம் அவ்வளவு வீராப்பாகப் பேசினவன், மாலையைக் கழற்றக் கையைத் தூக்கிவிட்டேன். சிலுவை விரலில் தட்டியது. அப்போதுதான் ஆத்தா, உங்க ஊட்டுல தேடுவாங்க என்றாள். செபமாலை ஓடைக்கரையில் என் சட்டையைப் பிடித்தது ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன். இரண்டு மாதம் ஆத்தாளை வைது தீர்த்தேன். மாமாவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் மாதிரி அதைச் சொல்லி அழுதேன். அவளுக்காக இப்போது தினமும் வேண்டிக்கொள்கிறேன், அவள் சாமியிடமா என் சாமியிடமா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்துதான் எனக்குச் செய்தி தெரிந்தது என்று நினைக்காதே. அது எட்டு நாள் கழித்துத்தான் வந்தது. அந்தத் திங்கட்கிழமை இங்கே தவக்காலம். லயமே பாதி வயிற்றோடு ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். வழக்கம்போல வயிறு நிறையும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நிறையவில்லை. கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது, கண் இருட்டியது. என்னவென்று எனக்கே புரியவில்லை, அந்த நேரத்தில் அது வந்து எட்டு மாதமாகிவிட்டது அல்லவா? பசி.

சோறு போடு என்றேன். செபமாலை நிறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து போட்டாள். இன்னும் என்றேன். போட்டாள். மூன்றாவது தடவை தட்டை நீட்டினபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மாதாவே மாதாவே என்கிறாள். நான் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு அழுதேன்.

“பசி வந்ததுக்குப் போயி எதுக்கு அழுகுறீக?” என்றாள்.

“எங்க ஆத்தா செத்துப்போயிட்டா” என்றேன்.

அன்பு அண்ணன்,
மத்தியாஸ்